கொம்புக்கு மேல் ஒரு புள்ளி

எங்கள் செங்கோடைப்பாளையத்தில், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு வியாழக்கிழமை, மின்வாரிய லைன்மேன் தங்கராசு வேர்க்குரு தாங்காமல் மாசிலாமணி அண்ணன் சலூனுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். போட்டு முடித்து ஈரத்துண்டால் ஒற்றி எடுத்தபோது, அவருடைய உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னால் ஓலைச்சுவடியில் ஆணி கொண்டு கீறியதுபோல ஐந்து எழுத்துகள் தெரிந்தன. மாசிலாமணி அண்ணன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, "தங்கராசு, உன்ற தலையெழுத்து தெரியுதப்பா" என்றார். தங்கராசு, "என்ன போட்டிருக்குது?" என்று கேட்டார். "மங்கலா இருக்குது. இரு, கரி தடவிப் பாக்கலாம்."

அவ்வளவுதான். யாரும் அலறவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து சட்டி அடிக்கரி வந்தது, தேங்காயெண்ணெய் வந்தது, இரண்டையும் குழைத்து அந்தப் பளபளத்த மண்டையில் பூசித் துணியால் துடைத்ததும் கீறலுக்குள் கரி நின்று எழுத்து எழும்பியது: வநதவன. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதும் உலகநாதன் வந்து, எச்சில் தொட்ட கட்டைவிரலால் அந்தத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, "வந்தவன்" என்று வாசித்தார். தங்கராசுவின் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே அவர்கள் இந்த ஊர்தான். ஆனாலும் அடுத்த வாரம் மாரியம்மன் கோயில் கூட்டத்துக்கு அவருக்குச் சொல்லிவிடவில்லை. கேட்டதற்கு, "வந்தவங்களுக்கு எதுக்குங்க கோயில் வரி?" என்றார்கள், ஏதோ பெரிய சலுகை கொடுப்பதுபோல.

பிறகு ஊரே மொட்டையடித்துக்கொண்டது. ஜாதகக் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுத் தலையைப் பார்த்தார்கள். மளிகைக்கடையில் அடிக்கரி பொட்டலம் தொங்கியது, உலகநாதன் பத்திரம் எழுதுவதை விட்டுவிட்டுத் தலை வாசிப்பவர் ஆனார், சாக்கடையில் முடி அடைத்துக்கொண்டு கறுப்பாக ஊறிப் பெருகியது, அதன் மேல் சவர நுரை மிதந்தது, நுரையின் மேல் ஈ உட்கார்ந்தது. பேருந்தில் முன்சீட்டில் இருப்பவரின் தலையிலிருந்து எண்ணெயும் கரியும் கலந்து கழுத்து மடிப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டுதான் நான் தினமும் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. சாம்பாரில் முடி, தயிரில் முடி, புத்தகத்தின் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் முடி. அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். அந்தத் தலைகளைத் தடவிய விரல்களைத்தான் சகிக்க முடியவில்லை. முன்பின் தெரியாத பெண்ணின் மண்டையை, சந்தையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்து, "பொறுத்தவள்னு இருக்குதுங்க, பேசி முடிச்சிரலாம்" என்று சொன்ன விரல்கள் அவை. எதிர்வீட்டு ஈஸ்வரியை அப்படித்தான் கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாதம் அவள் கை ஒடிந்து வந்து நின்றபோது, அவளுடைய மாமியார் எங்கள் வாசலில் நின்றுகொண்டே, "தலையிலயே பொறுத்தவள்னு எழுதியிருக்குது, இவ என்ன புதுசா அழுவறா?" என்றாள். தெருவில் நாலு பேர் தலையாட்டினார்கள். நாலும் மொட்டை.

ஆண்களின் தலைகளுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். ரேஷன்கடைக்காரர் தலையில் 'தின்றவன்' என்றும், வார்டு கவுன்சிலர் தலையில் 'ஓடியவன்' என்றும் வந்த பிறகு ஊரில் ஆண்களுக்குத் திடீரென்று முடியின் அருமை தெரிந்துவிட்டது. இயற்கையாகவே வழுக்கை விழுந்தவர்கள் குல்லாய் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் அப்பாவும் ஒன்று வாங்கினார், பச்சைக் கம்பளிக் குல்லாய், அக்கினி நட்சத்திரத்தில். "ஏம்ப்பா, உங்க தலையில என்னதான் இருக்கு, காட்டுங்களேன்" என்றால், "ஆம்பளைக்கு எதுக்கு அம்மிணி அதெல்லாம், நாங்க என்ன இன்னொரு வீட்டுக்கா போறோம்?" என்பார். குல்லாய்க்குள்ளிருந்து வியர்வை காதோரம் இறங்கும். வாதமாவது ஒன்றாவது! சரி, அப்படியே வைத்துக்கொள்வோம், இன்னொரு வீட்டுக்குப் போகிறவளைத்தான் வாசிக்க வேண்டும் என்றால், வேலைக்குப் போகிறவளை ஏன் வாசிக்கிறீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், வாசித்தார்கள். என் அக்கா பூங்கோதை இந்த ஊர்ப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆறு வருடமாகத் தற்காலிகக் கணக்கு டீச்சர். ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை இருக்குமா போகுமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறவள். அவளுக்கு இந்த வருடம் நிரந்தர ஆணை தயாராகி, தாளாளர் வைத்தியலிங்கத்தின் மேசைமேல் அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவர் ஒரு நிபந்தனை போட்டார், நிரந்தரமாகிற டீச்சர் எல்லோரும் தலையைக் காட்ட வேண்டும் என்று. தாளாளருக்குச் சாயம் பூசிய அடர்ந்த முடி, நடுவகிடு. அதை யாரும் காட்டச் சொல்லவில்லை.

அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எதற்கும் பேச மாட்டாள். எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் என் பங்குக்கு வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். இடுப்புவரை இருந்த முடியை மாசிலாமணி அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்து, பள்ளிக்கூட ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தாள். உலகநாதன் கரி பூசினார், துடைத்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், தொண்டையைச் செருமினார்.

"கெட்டவள்."

ஹாலில் ஒருத்தரும் திடுக்கிடவில்லை. தாளாளர் மட்டும், "அதனாலென்ன, பரிகாரம் இருக்குது. நாப்பத்தெட்டு நாள் விளக்குப் போட்டுட்டு ஆர்டர் வாங்கிக்கட்டும். பணிப்பதிவேட்டுல தலைன்னு ஒரு கட்டம் சேத்திருக்கறோம், அதுல இந்த வார்த்தையை எழுதிருவோம்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா எண்ணெய்த் திரியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா பண்ற?"

"விளக்குக்குத் திரி. நாப்பத்தெட்டு வேணுமில்ல?"

"கெட்டவள்னு எழுதி வெச்ச ஆர்டரைக் கையில வாங்குவியா? உனக்குக் கூசலயா?"

"ஆறு வருஷமா எதுவும் எழுதாத ஆர்டருக்கு நின்னேன் புள்ள. எதையாச்சும் எழுதித் தொலையட்டும்."

நான் விடவில்லை. விட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, அதைப் பிறகு சொல்கிறேன். அவளைச் சன்னலோரம் இழுத்துக்கொண்டுபோய், அந்த நாறுகிற கரியைச் சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் நான் ஏடு படிக்கிற லென்ஸை வைத்து அவள் தலையைப் பார்த்தேன். நான் படிப்பது சுவடியியல். பழைய ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. 'கெ' என்ற குறிலுக்கும் 'கே' என்ற நெடிலுக்கும் ஒரே கொம்புதான் போடுவார்கள். அதற்கும் முந்திய வழக்கில் ஒரு கணக்கு உண்டு: கொம்பு எழுத்தின் மேல் புள்ளி வைத்திருந்தால் அது குறில், வைக்காவிட்டால் நெடில். அக்காவின் தலையில் இருந்தது கெடடவள. புள்ளி வைத்தால் கெட்டவள், வைக்காவிட்டால் கேட்டவள். வேறு எந்த எழுத்திலும் புள்ளி இல்லை, முதல் எழுத்தின் மேல் மட்டும் ஒன்று இருந்தது. லென்ஸை இன்னும் நெருக்கினேன். அந்தப் புள்ளியில் பொருக்குத் தட்டியிருந்தது.

அது எழுத்தில்லை. மாசிலாமணி அண்ணனின் கத்தி பட்ட காயம்.

"அக்கா, நீ கெட்டவள் இல்ல. கேட்டவள்! சவரக்காயத்தைப் புள்ளின்னு படிச்சுட்டான் அந்தப் பத்திரக்காரன்!"

"அப்படியா?" என்றாள் அக்கா. திரியைக் கையிலிருந்து விடவில்லை.

மறுநாளே மறுவாசிப்புக்கு மனுக் கொடுத்தேன். தாளாளர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே படித்துவிட்டு, எச்சில் தெறிக்க, "காயம் ஆறட்டும். அடுத்த மாசம் முதல் வெள்ளி, கமிட்டி முன்னால மழிக்கணும். மழிச்சுட்டு வந்தா நீங்க புள்ளியை மறைச்சுருவீங்க. யாரு மழிக்கறதுன்னு நீங்களே பாத்துக்கங்க" என்றார். தெறித்ததில் ஒரு சிவப்புத் துளி என் மனுவின் மேலும் ஒன்று என் புறங்கையிலும் விழுந்தன. அவர் கவனிக்கவில்லை. நான் வீடு வருவதற்குள் நாலு முறை கையைக் கழுவினேன்.

ஆக, எனக்கு ஒரு சவரக்கருவி வேண்டியிருந்தது. காயம் படவே கூடாது, ஒரு புள்ளிகூட. அதே நேரம் ஒரு மயிர்க்கால் தூரம் முடி மிஞ்சினாலும் எழுத்து மங்கிவிடும். வீட்டில் அப்பாவின் பழைய ரேஸர் ஒன்று குளியலறை மாடத்தில் கிடந்தது. அதன் பல்லிடுக்கில் பத்து வருடத்துச் சோப்பும் தாடி மயிரும் சேர்ந்து காய்ந்து, தேன்கூடு மாதிரி ஒரு மஞ்சள் பத்தை கட்டியிருந்தது. திருகைச் சுழற்றியபோது உள்ளிருந்து துருத் தண்ணீர் சொட்டியது. இதைத்தான் இந்த மனிதர் தினமும் முகத்தில் வைத்து இழுத்திருக்கிறார், இழுத்துவிட்டு எங்களைச் சுத்தமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்.

கடைவீதியில் காதர் பாய் ஃபேன்சி ஸ்டோரில், வளையலும் ரிப்பனும் இருந்த கண்ணாடிப் பெட்டி முழுக்க இப்போது ரேஸர்கள். ரிப்பன் கட்டத்தான் யாருக்கும் முடி இல்லையே.

"வா பாப்பா. மொழுமொழுன்னு வரணுமா, இல்ல சும்மா பேருக்கா?"

"காயம் படக்கூடாது பாய். ஒண்ணே ஒண்ணுகூட."

அவர் நியூஸ்பேப்பரை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் பிளாஸ்டிக், இரட்டை பிளேடு வைத்தது. "இது வேண்டாம். ரெண்டு பிளேடுக்கு நடுவுல முடி சிக்கும். நீ இழுக்க இழுக்கச் சவரம் பண்ணாது, புடுங்கும்." அடுத்தது சீப்புப் பல் வைத்த இரும்பு. "நல்லா ஓடும், ஆனா பல்லுக்கு நடுவுல தோல் எழும்பும், எழும்புன இடத்துல கீறிரும்." மூன்றாவதில் கழுத்தில் எண் போட்ட வளையம் இருந்தது. ஒன்றிலிருந்து ஆறுவரை திருகினால் பிளேடு அதற்குத் தக்கபடி வெளியே வரும். "இதுதான் பாப்பா இப்ப எல்லாரும் வாங்கறது. ராஜா மாதிரி."

"கை தவறி ஆறுல திரும்பிருச்சுன்னா?"

"அப்ப ரத்தம்தான்."

"அப்ப எதுக்கு பாய் ராஜா மாதிரிங்கறீங்க?"

"அட, ராஜான்னாலே ரத்தம்தானே?" என்று சிரித்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். பார்க்க ஒன்றுமில்லை. குட்டையான தடித்த கைப்பிடி, தலைப்பாகத்தில் பல் கிடையாது, நேரான பட்டைதான். ஆனால் உள்ளங்கையில் வைத்ததும் கல் மாதிரி கனத்தது.

"கன்னத்துக்கு வேற, மண்டைக்கு வேற பாப்பா. கன்னத்தைக் கண்ணாடியில பாக்கலாம். மண்டையில மேடு பள்ளம் எங்கேன்னு கைதான் பாக்கணும். நீட்டுப் பிடின்னா கை தடுமாறும், அதான் குட்டை. இதுல பிளேடு பட்டைக்கு வெளிய எட்டியே பாக்காது. நீ அமுக்காதே, அதோட கனமே இழுத்துக்கும். முதல்ல கத்தரியில ஒட்ட வெட்டிரு, வெந்நித் துணி போடு, முடி படுத்திருக்கற பக்கமாவே இழு, எதிர்ப்பக்கம் போகவே போகாதே. பிளேடு புதுசு போடு."

பாதி ஊர்த் தலைகளை மழிக்கக் கருவி விற்றவர் அவர். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் அவர் பேசியதில் தலைக்குள் இருந்த ஆளுக்கு ஒரு மரியாதை இருந்தது. இதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

முதல் வெள்ளி, காலை பத்து மணி, பள்ளிக்கூட ஹால். மேடையில் தாளாளரும் கமிட்டிக்காரர்கள் நாலு பேரும், நாலு பேர் தலையிலும் நன்றாக எண்ணெய் வைத்து வாரிய முடி. கீழே நாற்காலியில் அக்கா, கழுத்தைச் சுற்றி என்னுடைய பழைய சுடிதார்த் துப்பட்டா. பின்னால் உலகநாதன், கரிக்கிண்ணத்துடன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். தொலியைத் தரையில்தான் போட்டார்கள்.

வெந்நீர்த் துணியை எடுத்து, சோப்பைக் குழைத்துப் பூசி, அந்தக் கனத்த கருவியை நெற்றி ஓரத்தில் வைத்தேன். அமுக்கவில்லை. அது தானே இறங்கியது. நுரையும் ஒரு மாதத்து முடியும் சேர்ந்த சேற்றை ஒவ்வொரு இழுப்புக்கும் கிண்ணத் தண்ணீரில் அலசினேன். தண்ணீர் சாம்பல் நிறமாகி, தடித்து, மேலே ஆடை கட்டியது, நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டேன். இடது கையால் அவள் மண்டையைத் தடவித் தடவி மேட்டையும் பள்ளத்தையும் அறிந்தேன். காதுக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. முப்பத்தொரு வயது அக்காவின் தலையை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசி இழுப்பு முடிந்தபோது ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

உலகநாதன் கரி பூசித் துடைத்தார். லென்ஸை நானே நீட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். எத்தனையோ கள்ளப் பத்திரங்களைக் கண்டுபிடித்தவர் அவர். எழுத்து என்று வந்துவிட்டால் அவரால் பொய் சொல்ல முடியாது.

"புள்ளி இல்லீங்க. இந்தப் புள்ள சொன்னது சரி. கேட்டவள்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன், பார்த்தீர்களா என்பதுபோல. தாளாளர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"என்ன கேட்டவள்?" என்றார்.

"என்னன்னு போடலீங்க. கேட்டவள், அவ்வளவுதான்."

"இந்தம்மா ஆறு வருஷத்துல ஒண்ணும் கேட்டதில்லையே" என்றார் ஒரு கமிட்டிக்காரர்.

"அதான் பயமா இருக்குது" என்றார் தாளாளர். "இதுவரைக்கும் கேக்கலைன்னா, இனிமேதான் கேக்கப்போறா. இல்லீங்களா? கெட்டவள்னா வெச்சு நடத்திரலாம், பரிகாரம் இருக்குது. கேட்டவளுக்கு என்னங்க பரிகாரம்? நிரந்தரம்னு கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் அனுப்பவும் முடியாது." ஆணையை எடுத்து, கிழிப்பதற்கு வசதியாக இரண்டாக மடித்தார்.

கடலை கொறித்தவர்கள், அதுவும் சரிதான் என்று தலையாட்டினார்கள்.

வாதம் என்றால் எனக்கு எங்கிருந்தாவது வந்துவிடும். அன்று வந்தது இதுதான், சொல்லவே நாக்குக் கூசுகிறது: "சார், சொன்ன பேச்சைக் கேட்டவள்னும் அர்த்தம் வருமுங்க. அடக்கமானவள்னு."

"வரும்" என்றார் தாளாளர். "கேள்வி கேட்டவள்னும் வரும். ரெண்டு அர்த்தம் வர்ற ஆளை எப்படி அம்மிணி நிரந்தரம் பண்றது?"

அப்போதுதான் அக்கா நாற்காலியிலிருந்து பேசினாள், திரும்பாமலே. "புள்ளி இருந்தாக் கையெழுத்துப் போடுவீங்களா சார்?"

"இருந்தாப் போட்டுருவேன். எனக்கு என்ன வந்துச்சு?"

"உலகநாதன் அண்ணா, ஒரு புள்ளி வெச்சு விடுங்க."

உலகநாதன் என் கையிலிருந்த ரேஸரை வாங்கி, அதன் மூலையை அவள் தலையில் வைத்து அழுத்தினார். பிளேடு வெளியே வரவில்லை. சாய்த்தார், கவிழ்த்தார், பக்கவாட்டில் இழுத்தார். பட்டைதான் பட்டது. "நல்ல சாமானுங்க இது" என்று பாராட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா தோளில் கையை விட்டுச் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். திறந்து, முனையை உயர்த்தி, தலைக்கு மேல் கொண்டுபோனாள். அங்கே அவள் கை நின்றது. தன் தலையெழுத்து எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது, யாருக்குமே தன்னுடையது தெரியாது.

"எங்க வெக்கணும் புள்ள? காட்டு."

"அக்கா, வேண்டாம்."

"நீதானே படிச்சவ. காட்டு."

அவள் குரலில் கோபம் இல்லை. எந்தச் சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்பதுபோலக் கேட்டாள். நான் மேடையைப் பார்த்தேன், அந்த வாரிய தலைகளை, மடித்த காகிதத்தை. காயத்தையே புள்ளியென்று படித்த உலகநாதனுக்கு அந்த இடம் துல்லியமாகத் தெரியாது. அவர் வைத்தால் வேறு எழுத்தின் மேல் விழும், அவளை வேறு ஏதாவது ஒருத்தியாக ஆக்கிவிடும். சரியான இடம் தெரிந்தவள் அந்த ஹாலில் நான் ஒருத்திதான். அந்தப் படிப்பின் மேல் எனக்கு வந்த அருவருப்பு, சாக்கடை முடியின் மேல்கூட வந்ததில்லை. என் ஆள்காட்டி விரலைக் கொம்புக்கு மேலே, ஒரு நெல் அகலத்தில் வைத்தேன்.

"இங்க."

ஊக்கு என் நகத்தை உரசிக்கொண்டு இறங்கியது. மணிபோல ஒரு துளி ரத்தம், கச்சிதமாக, வட்டமாக நின்றது.

உலகநாதன் குனிந்து பார்த்து, "கெட்டவள்" என்று வாசித்தார். இந்த முறை அதில் சந்தேகமே இல்லை. தாளாளர் காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தார், மை காய ஊதினார். அக்கா எழுந்துபோய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தேதி, பெயர், முத்திரை, மூன்றையும் பார்த்தாள், டீச்சர் ஆயிற்றே.

"விளக்கை மறந்துராதம்மா. அப்புறம், இங்க சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கணும்" என்றார் தாளாளர்.

அக்கா ஊக்கைச் சேலையில் திரும்பக் குத்திக்கொண்டாள். ஆணையை மடித்துப் பையில் வைத்தாள், ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எப்படிங்க சார் கேப்பேன்?" என்றாள். "நான் கெட்டவளாச்சுங்களே."

தாளாளர் வாயைத் திறந்தார். அதற்குள் உலகநாதன் கரிக்கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே முந்திக்கொண்டார்:

"அது சரிதானுங்க. அப்படித்தான் எழுதியிருக்குது."